நிழலை அணைத்த படம்

கட்டப்போகும் வீட்டின் அறைகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவதுதான் அவன் பிழைப்பு. தெருவுக்கே அவன் படக்காரன். கம்ப்யூட்டருக்குள் படத்தைத் தீட்டும் அவனுடைய கிராபிக்ஸ் கார்டுக்குப் பத்து வயது. புதுசு வாங்கேன் என்றால், "இதுகிட்ட எப்படி வேலை வாங்கணும்னு எனக்குத் தெரியும்" என்று மார்தட்டுவான். வித்தை இவ்வளவுதான்: படத்தில் நிழல் விழாதபடி அணைத்துவிடுவான். நிழலோடு போட்டால் நாலு மணி நேரம் மூச்சுவாங்கிவிட்டு, பாதியில் திரை உறைந்துபோகும். நிழல் இல்லையென்றால் பத்தே நிமிடம். அறையும் மூலைமுடுக்கெல்லாம் பளிச்சென்று இருக்கும்.

தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க ஒரு மதியம் தையல்கார அக்கா வீட்டுக்குப் போனான். அவன் படம் போட்டுக் கொடுத்துக் கட்டிய வீடு. குடிவந்து ஆறு மாதம். மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின். உச்சி வெயிலிலும் அங்கே விளக்கு எரிந்தது.

"வா தம்பி, இதுல நூல் கோத்துக் குடு. ரெண்டாவது கண்ணாடியும் மாத்தியாச்சு, ஊசிக்காது தெரியல."

"வயசாச்சுன்னு ஒத்துக்கோயேம்மா," என்று உள்ளிருந்து மகள் சீண்டினாள்.

"ஆமாடி, பழைய வீட்டுல குமரியா இருந்தேன், இங்க வந்ததும் கிழவியாயிட்டேன்!"

ஊசியை வாங்கினான். அவனுக்கும் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் படிக்கட்டு முழுசாக மறித்திருந்தது. எதிர்ச்சுவரில் அவன் போட்ட படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். அதில் இதே மூலை வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தது. மெஷினை ஜன்னலோரம் போடலாமா, படியடியிலா என்று வீடு கட்டும் முன் அக்கா கேட்டபோது இரண்டு படம் நீட்டினான். இரண்டிலும் ஒரே வெளிச்சம். இடம் மிச்சமென்று படியடியைச் சொல்லிவிட்டாள்.

நூல் கோக்காமலே ஊசியைத் திருப்பிக் கொடுத்தான். சட்டையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான். ஒரு காலைச் செருப்பில் நுழைத்தவனுக்கு அடுத்த கால் எழவில்லை. திரும்பி வந்தான்.

"அக்கா, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. என் கம்ப்யூட்டர் பழசு, நிழல் போட்டா இழுக்காது. படத்துல நிழலை நான்தான் அணைச்சுட்டேன்."

"நிழலை அணைச்சியா?"

அக்கா படத்தையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்தாள். "நான் பாவம் அந்தக் கண் டாக்டரப் போட்டுத் திட்டிட்டிருந்தேன்," என்றாள்.

அவனையே திட்டியிருந்தால் தேவலை.

"நிக்காத. அந்தப் பக்கம் புடி."

இருவருமாக மெஷினைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார்கள். அக்கா கண்ணாடி இல்லாமலே, ஒரே முயற்சியில் நூலைக் கோத்தாள். படக்காரன் கையிலிருந்த சட்டையில், படியடி இருட்டில் அவள் தைத்திருந்த பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.