கிராணி வீட்டு வேட்டை நாய்

துரை மாற்றலாகி ஜொகூருக்குப் போனபோது எங்களுக்கு விட்டுப்போனது ஒரு பூடில் நாய். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் மேனேஜர் நாற்காலியில் எந்த ஊர்க்காரர் வந்து உட்கார்ந்தாலும் எங்களுக்கு அவர் துரைதான், அவர் மனைவி துரையம்மாதான். மலேசியாவில் ஈஜோக் பக்கத்து எஸ்டேட் அது. எண்பதுகளின் நடுவில் ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. துரையம்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் கிராணி இன்னும் பிறக்கவில்லை.

நாய் ஆட்டுக்கிடா உயரம் இருந்தது. இடுப்பையும் பின்னங்கால்களையும் மழித்திருந்தார்கள். நெஞ்சில் மட்டும் வெள்ளைச் சுருட்டை முடி புதர் மாதிரி நின்றது. கணுக்கால்களிலும் வால்நுனியிலும் பந்து பந்தாக முடி. தண்ணீர்க்குழாயடியில் ஒருத்தி என்னைக் கேட்டாள், "என்னாக்கா, முடிவெட்டுறவன் பாதியிலயே ஓடிட்டானா?"

துரையம்மா போகும் முன் எங்கள் இருவரையும் நிற்க வைத்து ஒரு பாடமே நடத்தினார். இதைப் பொம்மை நாய் என்று நினைக்காதீர்கள், இதன் பூர்வீகம் ஜெர்மனி என்றார். வேட்டைக்காரர்கள் ஏரியில் வாத்தைச் சுட்டால், தண்ணீரில் பாய்ந்து அதைக் கவ்வி வந்து எஜமானிடம் ஒப்படைப்பதுதான் இதன் தொழில். நீந்தும்போது பாரமாக இருக்கக்கூடாது என்று உடம்பை மழிப்பார்கள். குளிர் ஏறக்கூடாது என்று நெஞ்சிலும் மூட்டுகளிலும் முடியை விடுவார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தங்கள் நாய் என்று சொந்தம் கொண்டாடி, சீமாட்டிகளின் மடியில் ஏற்றிவிட்டார்களாம். அலங்காரம் என்று ஊர் சிரித்தது உண்மையில் வேலைக்காரனின் உடுப்பு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் வாத்தையும் தண்ணீரையும் கேட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் 'வேட்டை' என்ற சொல்லோடு காதை மூடிக்கொண்டார். அதற்குக் காரணம் இருந்தது.

அவர் அதே எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். ரப்பர் பால்வெட்டுக்காரர் மகன். கிராணியான பிறகு எங்களுக்குத் தனி வீடு, வேலி, இரும்புக் கேட் எல்லாம் வந்தன. தூக்கி வளர்த்தவர்கள்கூட "தம்பி" என்பதை விட்டுவிட்டு "ஐயா" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காட்டுப்பன்றிக் கறியும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இவர் கறிக்காக ஏங்கவில்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் காலையில் வீடு வீடாக ஆள் கூப்பிடும்போது எங்கள் கேட்டைத் தாண்டிப் போவார்களே, அது அவரை அரித்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அதையே சொல்லிப் புலம்புவார்.

பன்றி வேட்டைக்கு லயத்தில் ஒரு சட்டம் உண்டு. வேட்டைக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. ஓடிய நாய்க்கும் ஒரு பங்கு, அது நாய்க்காரருக்குச் சேரும். பன்றியைக் கண்டு மரம் ஏறியவனுக்குப் பங்கு கிடையாது. சட்டத்தின் காவலர், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர். வயதானவர், என் வீட்டுக்காரருடைய அப்பாவின் கூட்டாளி.

மண்டோரிடம் போய் இவர், "நம்ம வீட்டு நாயி பரம்பரை வேட்டை நாயி. ஜெர்மன்காரன் வளர்த்தது," என்று அளந்திருக்கிறார். மண்டோர் நாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படிங்களா ஐயா? ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்கலா, பாப்போம்," என்றாராம்.

ரவிக்கைத் துணி வெட்டும் கத்தரிக்கோலால் அந்த நாய்க்கு மாதாமாதம் முடி வெட்டியது நான். துரையம்மா சொன்னபடியே மூட்டுக்கு மூட்டு முடி விட்டு வெட்டுவேன். "அது வாத்துப் பிடிக்கிற நாயிங்க. பன்றி கிழிச்சிப் போட்டுரும்," என்றேன். "வேட்டைன்னா எல்லாம் வேட்டைதான்," என்றார் இவர். இரும்பும் கரும்பும் ஒன்று என்று சொல்பவரிடம் என்ன பேசுவது? நாயோடு கிளம்பிவிட்டார். காலில் ரப்பர் பூட்ஸ் வேறு.

நடந்ததை அன்று மத்தியானம் மூன்று பேர் வந்து மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றும் ஒத்துப்போன இடங்களை மட்டும் எழுதுகிறேன். லயத்து நாய்கள் ஒரு இளம்பன்றியைக் கிளப்பின. எங்கள் நாய் குரைக்கவில்லை, ஓடவில்லை. பெரிய வாய்க்கால் கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஈட்டி வாங்கிய பன்றி ஆட்கள் மேல் திரும்பிப் பாய்ந்து, பிறகு வாய்க்காலில் விழுந்து நடுத்தண்ணீரில் உயிரை விட்டது. முதலை பயத்தில் ஆளும் இறங்கவில்லை, லயத்து நாய்களும் இறங்கவில்லை. கறி மதகைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தது.

அப்போது எங்கள் நாய் பாய்ந்திருக்கிறது. நீந்திப் போய்ப் பன்றியின் காதைக் கவ்வி, இழுத்து இழுத்துக் கரை சேர்த்துவிட்டது. சிரித்தவர்களே கைதட்டினார்கள்.

அதோடு விட்டிருந்தால் என் வீட்டுக்காரர் ராஜாவாகத் திரும்பியிருப்பார். ஆனால் பிடித்ததை எஜமானிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்தச் சாதியின் தர்மம். எஜமானைத் தேடி அங்குமிங்கும் ஓடிய நாய், ஒரு செம்பனை மரத்தடியில் போய் நின்று, மேலே பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகக் குரைத்தது. எல்லாரும் மேலே பார்த்தார்கள். மட்டைகளுக்கு நடுவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.

வீட்டுக்கு வந்தவர் கையில் சேம்பிலைப் பொட்டலம் இருந்தது. "யார் பங்கு?" என்றேன். "நாயோடது," என்றார். செம்பனையைக் கட்டிப்பிடித்த இரண்டு உள்ளங்கைகளிலும் முள். நாய் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அப்புறம் ஊசியை எடுத்துக்கொண்டு இவர் எதிரில் உட்கார்ந்தேன். திட்டுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. பூர்வீகம், ஜெர்மனி, பூட்ஸ் என்று ஒவ்வொரு முள்ளுக்கும் ஒன்று சொல்லிக் குத்தினேன். ஊரே சிரிக்கிறதே என்றேன்.

அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பங்கும் போச்சி, மானமும் போச்சி. என்னா சிரிப்பு?"

"கறிய பிரிக்கிறப்ப மண்டோர் என்கிட்ட வந்தாரு. 'சட்டம் சட்டந்தான். மரம் ஏறுனா பங்கு இல்ல தம்பி'ன்னாரு."

"அதுக்கு?"

"தம்பின்னாரு," என்றார்.

அடுத்த முள்ளை மெதுவாக எடுத்தேன்.