ஒரு கிலோவுக்கு எத்தனையாம் கோடு?

கல்முனையில் மின்சாரச் சாமான் கடையொன்றில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரைஸ் குக்கர் விற்பதில் என்னை விடக் கெட்டிக்காரன் இல்லை என்று நான் நினைத்திருந்த காலத்தில் நடந்தது.

ஒரு நாள் காலை, இறக்காமத்துச் சுபைதா உம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். முந்தின கிழமை நான் விற்ற குக்கர் அவர் கையில். கடை நிறைய ஆட்கள். நேரே என்னிடம் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே சோறு.

“திண்டு பாருங்க மனே.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன். கறுக்கென்றது.

“புது மருமகன் வீட்டுக்கு வந்து அஞ்சு நாள். அஞ்சு நாளும் இதத்தான் குடுத்த. அந்தப் புள்ள குறை ஒண்டும் சொல்லாமத் திங்குது. எனக்கு வெக்கமா இரிக்கி.”

குக்கரைச் சோதித்தேன். சூடு ஏறியது. குறை ஒன்றுமில்லை. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீ போய் அவங்கட வீட்டுலயே ஆக்கிக் குடு. வேகல்லண்டா குக்கரத் தூக்கிட்டு வா. மறுகா நீ ஃபேன் மட்டும் வித்தாப் போதும்.”

எனக்கு வீட்டில் தேநீர் போட்டுக்கூடப் பழக்கமில்லை. ஆனாலும் போனேன்.

“நீங்க ஆக்கிற மாதிரியே ஆக்குங்க உம்மா, பாப்பம்” என்றேன். அவர் ஒரு கிலோ அரிசிப் பையைப் பிரித்து, சுண்டால், அதாவது வெறும் பால் டின்னால், அளந்து போட்டார். நாலு சுண்டு. பிறகு உள்பானையில் நாலாம் கோடு வரை தண்ணீர் ஊற்றினார். அரிசி மட்டுமட்டாகத்தான் முங்கியது.

“என்ன உம்மா, இதோட நிப்பாட்டிட்டீங்க?”

“நீங்கதானே சொன்ன? எத்தின அளவு அரிசியோ அத்தினாம் கோட்டுக்குத் தண்ணி எண்டு. கிலோண்டா நாலு அளவுதானே?”

சொன்னது நான்தான். ஆனால் நான் அளவு என்றது பெட்டிக்குள் வரும் பிளாஸ்டிக் கப்பை.

“அந்தக் கப் எங்க?”

“அதா? அதாலதான் கோழிக்குத் தீன் போடுற.”

கப்பைக் கழுவி வாங்கி, அதே அரிசியைத் தண்ணீர் வடித்து அளந்தேன். ஆறரைக் கப். எனக்குப் பெரிய சந்தோஷம்.

“கண்டீங்களா? ஒரு கிலோ ஆறரைக் கப். தண்ணி ஆறரைக் கோட்டுக்கு!”

“மனே, இது இந்தப் போகத்துப் புது அரிசி. அவ்வளவு தண்ணி தாங்காது.”

“கோடு பிழைக்காது உம்மா” என்றேன்.

அரை மணித்தியாலத்தில் மூடியைத் திறந்தோம். அவர் அகப்பையைத் தூக்கினார். சோறு வரவில்லை, வழிந்தது. அவர் கோழிகளைக் கூப்பிட்டார்.

நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றபோது மருமகன் அஸ்மி மெதுவாகக் கிட்ட வந்தான்.

“நானா,” என்று அண்ணன் முறையில் கூப்பிட்டான். “அல்லாவுக்காக இதத் திரும்பக் கொண்டு போங்க. சோறு நல்லமெண்டு முதல் நாளே மாமிக்கிட்டச் சொல்லிட்டன். இனி மாத்திக் கதைக்க ஏலா.”

உள்ளே போய், “இந்தமுறை தண்ணிய நீங்களே ஊத்துங்க உம்மா” என்றேன். மறுபடியும் ஆறரைக் கப் அரிசியை நான் அளந்து போட்டேன். அவர் ஆறாம் கோட்டுக்குச் சற்றுக் கீழே தண்ணீரை நிறுத்தினார். சோறு பொலபொலவென்று வந்தது.

அஸ்மி சாப்பிட்டுவிட்டு எங்களைப் பார்க்காமல் சோற்றுக் கோப்பையை நீட்டினான்.

“மாமி, இன்னும் கொஞ்சம்.”

சுபைதா உம்மா அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“யா அல்லாஹ், அப்ப இந்தப் புள்ள அஞ்சு நாளும் அரை வயித்தோடயா கிடந்திரிக்கி!”

பிறகு அவன் போதும் போதும் என்று கையால் மறிக்க மறிக்கப் போட்டார்.

அன்றிலிருந்து குக்கர் வாங்க வருபவரிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன்: வீட்டில் அரிசியை எதால் அளக்கிறீர்கள்? பழைய அரிசியா, புது அரிசியா? அதற்குப் பிறகுதான் கோட்டைக் காட்டுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு கிலோவுக்கு எத்தனையாம் கோடு என்று கேட்டால் உடனே வாய் திறக்காதீர்கள்.