துரை பெயரில் தேர் உபயம்

திண்டிவனம், காலை பத்தேகால். 2012 ஜனவரி, கடைசி வெள்ளிக்கிழமை. விழுப்புரம் பஸ்ஸில் மூன்று பேர் ஏறினோம். ஒருவர் அருள்ராஜ், பொம்மையார்பாளையத்தில் கடலோரம் நாலு அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுபவர். இன்னொருவர் அந்த அறைகளில் ஒன்றில் ஒரு மாதமாகத் தங்கியிருந்த அமெரிக்கர் டேல். மூன்றாவது நான். அந்தச் சுற்றுலாப் பருவத்துக்கு அங்கே காவல் வேலை பார்த்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. ஹோட்டல் வேலைகளில் பொறுக்கிய இங்கிலீஷ் கொஞ்சம் இருந்ததால் என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

அருள்ராஜின் சொந்த ஊர் முகையூரைத் தாண்டி ஒரு சின்ன கிறிஸ்தவ ஊர். அடுத்த வாரம் அந்தோணியார் திருவிழாவுக்குக் கொடியேற்றம். நோட்டீஸை திண்டிவனத்தில் அச்சடித்திருந்தார். ஐந்நூறு நோட்டீஸ் கட்டு என் மடியில். டிக்கெட் ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். தூரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டேல் ஒரு நோட்டீஸை உருவி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு நாள் பூசைக்கும் செலவை ஏற்கும் உபயதாரர் பெயர் போட்டிருந்தது. கடைசி நாள் தேர். பூ, சீரியல் லைட்டு, மேளம், வாணவேடிக்கை, ஊருக்குச் சாப்பாடு எல்லாம் அன்றைக்குத்தான். அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘தேர் உபயம்: உயர்திரு டேல் துரை அவர்கள், அமெரிக்கா’. படித்ததை அப்படியே சொன்னேன்.

எவ்வளவு ஆகும் என்றார் டேல். அருள்ராஜ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்:

“ஒரு நாப்பதாயிரம் ஆவும். தொரைக்கு அதெல்லாம் ஒரு காசா? ஊருல சொல்லிட்டன்.”

இந்தப் பக்கத்தில் இது புதிதில்லை. பெரிய மனிதர் பெயரை முதலில் அச்சடிப்பார்கள். பிறகு தாம்பூலத் தட்டோடு போய்க் கேட்பார்கள். அச்சில் ஏறிய பெயருக்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

விக்கிரவாண்டி வந்ததும் டேல் நோட்டீஸை மடித்துக் கட்டில் திரும்ப வைத்தார். பிறகு சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. லாரிக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் வேலை. பதினோரு வருஷமாக அதே மணிக்கூலி. மருத்துவ இன்சூரன்ஸுக்குப் பிடிப்பது மட்டும் வருஷா வருஷம் ஏறுகிறது. குளிர்காலத்தில் ஆர்டர் இல்லை என்று மூன்று மாதம் ஆலையை மூடிவிடுகிறார்கள். அப்போது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மனைவி அக்காள் வீட்டுக்குப் போகிறாள், இவர் இங்கே வருகிறார். விமான டிக்கெட்டைச் சேர்த்தாலும் அங்கே இருப்பதைவிட மலிவு. இது வேறு யாருக்கும் தெரியாது என்றார்.

நான் தமிழில் சொன்னதை அருள்ராஜ் நம்பவில்லை. “செலவு தாங்காம அமெரிக்காக்காரன் எங்கிட்ட வந்து குடியிருக்கானா? யாருகிட்ட கத வுட்றாரு?”

பதினொன்றரைக்கு விழுப்புரம். பாண்டிச்சேரி பஸ் அந்தப் பக்கம் நிற்கிறது, வேண்டுமானால் திரும்பிவிடலாம் என்று டேலிடம் சொன்னேன். போனால் அருள்ராஜுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். ஊர் சிரிக்கும் என்றேன். எங்களோடு கண்டாச்சிபுரம் பஸ்ஸில் ஏறினார். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

பிற்பகல் ஒன்றே முக்கால். கோயில் வாசலில் இருபது பேர் நின்றார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் சவரிமுத்து சால்வையை விரித்துக்கொண்டு வந்தார். டேல் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, என்னைப் பார்த்து, சொல் என்பதுபோல் தலையசைத்தார். அருள்ராஜ் என் முழங்கையை அழுத்தினார். பஸ்ஸில் டேல் சொன்ன எல்லாவற்றையும் நான் சொன்னேன்.

வேப்பமர நிழலில் விதைக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஆரோக்கியம் என்பவள்தான் முதலில் பேசினாள்.

“பதினோரு வருசமா அதே கூலியா? எங்களுக்கே அம்பதுலேர்ந்து நூத்தியிருவது ஆயிருச்சே. களையெடுக்கற நாளாப் பாத்து, நெலத்துல எறங்காம வரப்புல குந்திக்கினு இருந்தோம், ஏத்திக் குடுத்தாங்க. இவுங்களுக்குக் குந்தத் தெரியாதா?”

டேலிடம் கேட்டேன். உட்கார்ந்தால் ஆலையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்றார்.

“நெலத்தத் தூக்கிக்கினு போவ முடியாது. அதான் எங்க பொயப்பு ஓடுது” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த காயை உடைத்தாள்.

சவரிமுத்து சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அருளு, கேட்டுட்டு அச்சடிச்சிருக்கலாம்” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. தேர் ஊர்ப் பொதுப் பணத்தில் போகும், வாணவேடிக்கை வேண்டாம், நோட்டீஸில் அந்தப் பெயர் மேல் துண்டுச் சீட்டு ஒட்டிவிடலாம் என்று அங்கேயே முடிவாயிற்று.

மைதா பசை காய்ச்சிக் கொடுத்தார்கள். தன் பெயரை மறைக்க டேலே உட்கார்ந்தார். ஆலைக்காரர் கை, ஒரு சீட்டுகூடக் கோணவில்லை. அருள்ராஜ் கோயில் சுவரோரம் தனியாக நின்றார். நூறு நோட்டீஸ் போல முடிந்ததும் வந்து எதிரில் உட்கார்ந்து, சீட்டில் பசை தடவிக் கொடுக்க ஆரம்பித்தார். முடிய நாலரை ஆனது.

ஊரில் மற்றவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று டேல் கேட்டார். குடும்பத்துக்கு முந்நூறு, தலைக்கட்டு வரி. அதைக் கொடுத்தார். சவரிமுத்து வரி நோட்டில் எழுதிவிட்டு ரசீது கிழித்தார்.

திரும்பும் பஸ்ஸில் டேல் ரசீதைப் படிக்கச் சொன்னார். “டேல். தலைக்கட்டு ஒன்று. முந்நூறு ரூபாய்” என்று படித்துச் சொன்னேன். தன் வீட்டுக்கும் வருஷம் ஒரு வரிச்சீட்டு வரும், கூலி ஏறாவிட்டாலும் அது ஏறும் என்றார். இதுவும் ஏறுமா என்று கேட்டார்.

முன் சீட்டிலிருந்து அருள்ராஜ் திரும்பினார். மத்தியானத்திலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். “போன வருசம் எரநூத்தம்பது, தொர. பேரு நோட்டுல ஏறிப்போச்சு. நீ அமெரிக்காவுல இருந்தாலும் வுட மாட்டாங்க.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் டேல் கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அருள்ராஜும் சிரித்தார்.

மார்ச்சில் ஆலை திறக்கப்போகிறது என்றதும் டேல் போய்விட்டார். பருவம் முடிந்து நானும் கிளம்பினேன். எத்தனையோ ஊரில் கூலிக்கு இருந்திருக்கிறேன். எந்த ஊர் வரி நோட்டிலும் என் பெயர் ஏறியதில்லை.