வயிற்றுக்கு ஒரு கோட் பிரைமர்

கேட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். இரும்பு கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அவர் பட்டறையில்தான் உருவாகும். வெல்டிங் அவருடையது, துரு சுரண்டுவதும், பிரைமர் பூசி அதன் மேல் பெயின்ட் அடிப்பதும் அவர் மனைவியுடையது. கல்யாணமான புதிதில், 'சும்மா வந்து உட்காரு, பேச்சுத் துணைக்கு' என்று பட்டறைக்குக் கூட்டிவந்தவர், மறுநாளே அவள் கையில் உப்புத்தாளைக் கொடுத்தார். அந்த அம்மாள் இன்னும் அதைக் கீழே வைத்தபாடில்லை.

கேட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அதைத் தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி நடத்தினார்: இருப்பது தெரியும், விசாரிப்பதில்லை. எதிர்க் கடையிலிருந்து வேளாவேளைக்கு டீ வரும், சர்க்கரை தூக்கலாக. நெருப்புப்பொறிக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தெம்பு வேண்டாமா என்பது அவர் கட்சி.

பிறகு வயிறு மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் சாப்பிட்டது சாயங்காலம் ஏப்பத்தில் வந்து ஆஜர் கொடுத்தது. இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பி, மூன்றாவது வாய்க்குக் குமட்டியது. கழிவறைக்குப் போனால் தவம் கலைந்து வெளியே வர அரை நாளானது. ஒரு மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டுப் பேசாமல் எழுந்தார். மனைவிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. சமையலைக் குறை சொல்லாமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்க வயித்துலயும் குடல்லயும் நரம்பு செல்லுங்க இருக்கு. சாப்பாட்டைத் தள்ளி விடறது அதுங்கதான்," என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல சர்க்கரை ஏறி ஏறி, துருப்பிடிக்கிற மாதிரி அதுங்க கெட்டுப்போகுது. உங்களுக்குத் தெரியாத துருவா?"

"அதுக்கு மேல என்னம்மா அடிக்கணும்?"

"எலிங்களுக்குச் சர்க்கரை வரவச்சு, வைட்டமின் சி, ஈ எல்லாம் குடுத்துப் பார்த்திருக்காங்க. குடல் நரம்பு ஓரளவு தப்பிச்சிருக்கு. ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகுதான் டாக்டரம்மா நிறையச் சொன்னார். மனுஷனுக்கு அது இன்னும் உறுதியாகவில்லை. எலியை நம்பி இறங்கக் கூடாது. சர்க்கரையைக் குறைப்பதுதான் முதல் வேலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். அடுத்த முறை வருவதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் ஊசி, தினமும், தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி என்றதும் கேட்டுக்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. பழுக்கக் காய்ந்த இரும்பை இடுக்கியால் திருப்புகிற மனுஷன், ஊசியைக் கண்டால் நாற்காலியோடு பின்னால் நகர்வார். ஆக, வெளியே வரும்போது அவர் மனதில் மிஞ்சியது எலியும் வைட்டமினும்தான்.

"பிரைமர்டி அது," என்றார் மனைவியிடம். "ஒரு கோட் உள்ள இறங்கிட்டா துரு கிட்டயே வராது. எலிக்கே கேக்குதாம், எனக்குக் கேக்காதா?"

"எலி டீ குடிக்குதாங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார். மருந்துக் கடைக்குப் போய், கடித்துத் தின்கிற வைட்டமின் சி ஆரஞ்சு மாத்திரையில் பெரிய டப்பாவாகப் பார்த்து வாங்கினார். பட்டறையில் டீக்கு முன் இரண்டு, பின் இரண்டு, கை சும்மா இருந்தால் இன்னும் இரண்டு. சில நாளிலேயே பலன் தெரிந்தது. தவம் கிடந்தவர் கழிவறைக்கு ஓட ஆரம்பித்தார்.

"பார்த்தியா? நரம்பெல்லாம் முழிச்சிக்கிச்சு!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடியபடியே அறிவித்தார்.

அந்த வாரம் ஒரு டீச்சரம்மா வீட்டு கேட்டைப் பழுது பார்க்கப் போனார்கள். கீல் விட்டுப்போய், அடிப்பக்கம் முழுக்கத் துரு. அவர் கீலைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதே நரம்புகள் முழித்துக்கொண்டன. வெல்டிங் முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கழிவறையைத் தேடி வீட்டுக்குள் பாய்ந்தார். டீச்சரம்மா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கம்பியைத் தட்டிப் பார்த்தார். டீச்சரம்மா படபடப்பு அடங்கி, "இந்தச் சுரண்டற வேலையெல்லாம் வேணாம்ப்பா. ஞாயித்துக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க. மேலோட பளபளன்னு அடிச்சு விட்டுடு," என்றார்.

கேட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. "அது மட்டும் நம்மகிட்ட நடக்காதும்மா. துரு மேல எதை அடிச்சாலும் தண்டம். வெளிய மினுக்கும், உள்ள தின்னுக்கிட்டே இருக்கும். மொதல்ல அதைச் சுரண்டி எடுக்கணும். மேற்கொண்டு தண்ணி படாமப் பார்த்துக்கணும். பிரைமரெல்லாம் அப்புறம்தான்!"

சுரண்டும் சத்தம் நின்றது. மனைவி நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தரம் சொல்லுங்க. நல்லா இருந்துச்சு."

அவர் கை மாத்திரையைத் தேடிப் போனது. அவள் எழுந்து வந்து அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். முகம் மாறியது. "அட பாவி மனுஷா, மிட்டாய் மாதிரி இனிக்குது! இதையா தின்னுக்கிட்டு இருக்கீங்க?"

"ஆரஞ்சு மாத்திரையா?" என்று டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். "என் தங்கச்சி பையன் ஒரு தரம் டப்பாவைக் காலி பண்ணிட்டு, இப்படித்தான் ரெண்டு நாள் உள்ளயும் வெளியயுமா ஓடினான்."

"நரம்பு முழிச்சிக்கிச்சாம்," என்றாள் மனைவி.

கேட்டுக்காரர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கீலை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்.

டீச்சரம்மா சுரண்டலுக்குச் சம்மதித்து, டீ போட உள்ளே போனார். "என்னுதுல சர்க்கரை வேணாம்மா," என்று கேட்டுக்காரர் பின்னாலிருந்து முனகியது மனைவிக்கும் கேட்டது. டீ வந்ததும், முதல் வாயிலேயே அவர் முகம் கோணியது.

"கழனித் தண்ணி மாதிரி இருக்கு."

"சுரண்டறப்ப அப்படித்தான் இருக்கும். குடிங்க."

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது சர்க்கரை ஓரளவு இறங்கியிருந்தது. ஊசியைப் பற்றி டாக்டரம்மா, "இப்போதைக்கு வேணாம், பார்க்கலாம்," என்றார். மனைவி எடுத்து நீட்டிய மாத்திரை டப்பாவைப் பார்த்து ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, அதைத் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார். வயிறு பழைய வயிறாகிவிடவில்லை. கெட்டுப்போன நரம்பு போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றினால் போதும் என்றார்.

அன்று மத்தியானம் மனைவி கொஞ்சமாகச் சோறு வைத்தாள். மூன்றாவது வாய் இறங்கியது. நாலாவது வாயை மென்றுகொண்டே, "உப்பு போட மறந்துட்டியா?" என்று அதட்டினார்.

அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.