நீலத்தில் முக்காத சல்லடை

மஞ்சக்குப்பத்தில் ஆதார் முகவரி மாற்றும் வரிசையில் நின்றிருந்தேன். பஷீரின் மனைவி போன் செய்தார். "அண்ணே, அவுங்க போயிட்டாங்க. லுஹர் தொழுதுட்டுப் படுத்தவங்க எழுந்திரிக்கல." டோக்கனோடு வெளியே வந்து அவர் ஊரான கிள்ளைக்கு பஸ் ஏறினேன்.

பஷீரும் நானும் சிதம்பரத்தில் ஒரே ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தோம். ஏரிக்குள் குழாய் இறக்கி அடிமண்ணை எடுப்போம். அதிலுள்ள நுண்ணுயிர்களின் ஓடுகளைப் பார்த்து, அந்த ஏரி பல ஆயிரம் வருடங்களுக்கு முன் எப்படி இருந்தது என்று கண்டுபிடிப்போம். "கொலையே நடக்காத எடத்துல துப்பறியிறோம் மச்சான்" என்பார்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய நீல விரல்கள் நினைவிருக்கும். ஒரு மண்ணைச் சலித்ததும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கண்ணியில் பழைய ஓடு ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும், அடுத்த மண்ணில் கலந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள், கடலுக்கு வெகுதொலைவிலுள்ள ஏரியின் மண்ணில் உப்புநீர் ஓடுகளைக் கண்டேன். வெள்ளை வெளேரென்று ஏழு. "கடல் இங்க வரைக்கும் வந்திருக்கு மச்சான்!" என்று கத்திவிட்டேன்.

"சல்லடைய நீலத்துல முக்குனியா?"

"முக்குனேன்."

முக்கவில்லை. முந்தின நாள் அதே சல்லடையில் பிச்சாவரம் உப்பங்கழிச் சேற்றைச் சலித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தேன். என் பெயரைச் சொல்ல ஒரு கண்டுபிடிப்பு கிடைத்த ஆசை, வேறென்ன?

அவர் நம்பினார். ஓடுகளின் வேதிப்பொருளைச் சோதித்தார். அந்த ஏழும் உப்புத் தண்ணீரில் வளர்ந்தவை, அதே மண்ணடுக்கின் மற்ற ஓடுகளோ நல்ல தண்ணீரில் வளர்ந்தவை. "ஒரே ஏரி, ஒரே காலம். எப்புட்றா?" தூக்கம் போயிற்று அவருக்கு. புயல் அலை தூக்கிப் போட்டிருக்கும் என்று யோசித்தார். முட்டிவலியோடு மூன்று ஞாயிறு பஸ் ஏறிப் போய், பக்கத்து ஏரிகளிலெல்லாம் மண் அள்ளி வந்தார். ஒரு உப்பு ஓடும் இல்லை. நான்காம் ஞாயிறும் கிளம்பியபோது எனக்குத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி!" என்றார். கண் கலங்கிவிட்டது. இரண்டு பஸ்ஸை ஏறாமலே விட்டார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"அப்போ அந்த ஏரி அப்பவும் நல்ல தண்ணிதான், இல்ல?"

"ஆமா."

"அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? எவ்ளோ நல்ல சேதி!" என்று சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுவாரம் நான் எண்ணிக் கொடுத்த ஓடுகளின் பட்டியலை, மறுபடி எண்ணிப் பார்க்காமலே வாங்கி வைத்துக்கொண்டார். பஷீரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நம்பிக்கைதான். அதன்பிறகு எனக்குப் பொய் வாயில் வரவில்லை.