கிளிக் ஆகல

சிம்மக்கல்லில் இருந்த அந்தக் கல்யாணத் தரகரைக் கண்டாலே எனக்கு ஆகாது. காவி ஏறிய பல். கக்கத்தில் தகரப்பெட்டி, அதற்குள் பெண்களின் போட்டோக்கள். வரன் அமைந்தால் "கிளிக் ஆயிருச்சு" என்பார். யாருக்காவது வேலை கிடைத்தாலும், வைகையில் தண்ணீர் வந்தாலும் அதே சொல்தான்.

என் தங்கச்சிக்கு வயது ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் அவள் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதன்மேல் யாரோ காபி சிந்தியிருந்தார்கள்.

"சமயநல்லூர்ப் பார்ட்டிக்குக் கிளிக் ஆகல தம்பி. பொண்ணு நெறம் கம்மியாம்."

"வாசல்ல நின்னு கத்தாதய்யா!" என்று எகிறினேன். அதற்குள் தங்கச்சியே வெளியே வந்துவிட்டாள்.

"எம்படத்த ஊரே பாத்துருச்சு. அந்த மாப்பிள்ள படத்த எனக்குக் காட்டுனீகளா? எனக்குக் கிளிக் ஆச்சான்னு யாரு கேட்டா?"

பெட்டியை இடுக்கிக்கொண்டு போனவர், சில நாள் கழித்து வேறொரு மாப்பிள்ளை படத்தோடு வந்தார். என்னிடம் நீட்டாமல் அவள் கையிலேயே கொடுத்தார்.

அவள் பார்த்துவிட்டு, "கிளிக் ஆகலண்ணே" என்று அவரிடமே திருப்பி நீட்டினாள்.

அவர் கோபப்படவில்லை. படத்தைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "அடுத்தது கொண்டாரேன் தாயி" என்றார்.

அன்றும் எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் உள்ளே வந்து உட்காரச் சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை பிடிபடவில்லை.