கறுக்காத வெயில்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருடம், தை மாதம். காரைக்காலில் கடற்கரைக்குப் போகும் சாலைக்கு அருகே பழைய காலத்து வீடு ஒன்றின் மாடியில் குடியிருந்தோம். என் பெண்ணுக்கு ஒன்றரை வயது முடிந்தும் நடை வரவில்லை. பிடித்து நிறுத்தினால் கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளையும். வலியோ பயமோ, அழுதுகொண்டே உட்கார்ந்துவிடுவாள்.

"சில புள்ளைக்குத் தாமசமாத்தான் நடை வரும். உன் வீட்டுக்காரனே அப்படித்தான்" என்றார் மாமியார். எனக்கு மனம் கேட்கவில்லை. பால் போதவில்லையோ, தூக்கி வைத்தே பழக்கிவிட்டேனோ என்று என்னையே குடைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் துணிந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா குழந்தையின் மணிக்கட்டையும் விலாவையும் தடவிப் பார்த்தார். எலும்பு உரம் பிடிக்க வைட்டமின் டி என்று ஒரு சத்து வேண்டும், அது இவளுக்குக் குறைவு என்றார். மீன் எண்ணெய் எழுதப் போனவரிடம், எங்கள் வீடு சைவம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப வெயில்தாம்மா மருந்து. சட்டை போடாம காலை வெயில்ல விடுங்க. வீட்டுக்குள்ளேயே பொத்தி வெச்சிருக்கீங்க. நீங்களே வெளுத்துப்போய்த்தான் இருக்கீங்க" என்றார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் பதறினார். தைப் பனி, கடல் காற்று, தெருவில் போகிறவர்களின் கண் எல்லாம் பிள்ளைக்கு ஆகாது என்றார். அவர் சொன்னதும் தப்பாகத் தோன்றவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் கூடத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்ட ஜன்னல்கள் உண்டு. காலையில் வெயில் அவற்றின் வழியாகத் தரையெல்லாம் விழும். ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த வெயிலில் பாய் போட்டுக் குழந்தையை விட்டேன். காற்றும் இல்லை, கண்ணும் படாது. ஒரு நாள் தவறாமல் செய்தேன்.

மாமியாருக்குப் பரம திருப்தி. "பாரு, இத்தனை வெயில்லயும் எம் பேத்தி கறுக்கவே இல்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மாசி பிறந்தும் குழந்தை நிற்கவில்லை. வளைவு இன்னும் கூடியிருப்பதாகக்கூட எனக்குப் பட்டது.

என் கணவருக்கு நில அளவை வேலை. நாள் முழுக்க வயல்வெளியில் நிற்பவர். ஒரு சாயங்காலம் போலகம் கிராமத்திலிருந்து வந்து கைக்கடிகாரத்தைக் கழற்றினார். வார் இருந்த இடம் மட்டும் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தது.

"என்ன அப்படிப் பாக்கறே? வெயில்ல சங்கிலி பிடிச்சு அளந்தா கறுக்காம செவக்குமா?" என்று சிரித்தார்.

நான் குழந்தையைத் தூக்கி அவள் அரைஞாண் கயிற்றை நகர்த்திப் பார்த்தேன். கயிறு கிடந்த இடமும் மற்ற இடமும் ஒரே நிறம். இத்தனை நாள் வெயில் இவள் மேல் பட்டதா, இல்லையா?

மறுநாள் காலை டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன்.

"கண்ணாடி வழியா வர்ற வெயில் வேற வெயிலாங்க?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். "ஜன்னலைச் சாத்திட்டா விட்டீங்க? வெளிச்சம் வரும், சூடு வரும். எலும்புக்கு வேண்டியதைக் கண்ணாடி தடுத்துடும்மா. அடடா, இதை நான் சொல்லாம விட்டுட்டேனே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மொட்டை மாடிக்குப் போனேன். மாமியார் வடகம் பிழிந்து காயப்போட்டிருந்தார். பக்கத்திலேயே பாயை விரித்தேன்.

"பொட்டப் புள்ளைய இப்படிக் கறுக்க அடிச்சா நாளைக்கு எவன் கட்டிப்பான்?"

"கால் வளைஞ்சிருந்தா மட்டும் கட்டிப்பானா, அத்தை?"

அவரிடம் நான் எதிர்த்துப் பேசிய முதல் பேச்சு அது. பாயை நான் சுருட்டவில்லை. அவர் மடமடவென்று கீழே இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். "வெயில்ல விடறதுன்னு ஆயிடுச்சு, எண்ணெயாவது தடவி விடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தார்.

அன்று முதல் தினமும் காலையில் வடகமும் குழந்தையும் நானும் மொட்டை மாடியில்தான். "என் மருமக புள்ளையக் காயப்போடப் போயிருக்கா" என்று மாமியார் கீழே நின்று கேலி பேசுவார். கேட்டுக்கொண்டே நானும் முதுகில் வெயில் படும்படி உட்கார்ந்துகொள்வேன். சித்திரையில் அரைஞாண் கயிற்றை நகர்த்தினால் வெளுத்த கோடு ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன்.

ஆனியில் ஒரு காலை, வடகத்தில் காக்கை வந்து உட்கார்ந்தது. நான் எழுவதற்குள் என் பெண் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்து, கையை விட்டுவிட்டு, "சூ, சூ" என்று அதை நோக்கி நடந்தாள். காக்கை பறந்த பிறகும் நடந்தாள். மாமியாரைக் கூப்பிட்டுக்கொண்டே நானும் அவள் பின்னால் போனேன்.

வளைவு நிமிர மேலும் நாளாயிற்று. இப்போது அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறாள், பெண் கறுப்புத்தான். அவளுக்குப் பின் ஒரு தம்பியும் பிறந்திருக்கிறான். டாக்டர் சொன்னதையெல்லாம் சரியாகச் செய்கிறோம் என்று மனதுக்கு நிம்மதி வரும்போதெல்லாம், பிள்ளையைக் கிட்டத்தில் உட்கார வைத்து ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.